ஆறு ஓட்டில் தோற்ற நண்பர்

காலேஜ் ஹாஸ்டலில் மெஸ் செக்ரட்டரி தேர்தலில் நின்று ஒன்பது ஓட்டில் தோற்றவன் நான். ஜெயித்தது என் ரூம்மேட். இருவரும் ஒரே வாளி, ஒரே சோப்பு டப்பா. மொத்தம் நூற்றிச்சொச்சம் ஓட்டு, அதில் யார் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு அறை எண்வாரியாக மனப்பாடம், அல்லது மனப்பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். லட்சம் பேர் ஓட்டுப் போடும் தேர்தலில் தோற்றால் மக்கள் தீர்ப்பு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நூறு பேர் போடும் தேர்தலில் அது முடியாது. மறுநாள் காலை இட்லிக்கு வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவனையும் பின்னால் நிற்பவனையும் பார்த்து, இவனா, அவனா என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும்.

இந்தப் பழைய கதை திடீரென்று ஞாபகம் வந்ததற்குக் காரணம் 67, 61 என்ற இரண்டு எண்கள். அமெரிக்கப் புரட்சிக் காலத்தைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். போர், பிரகடனம், வாஷிங்டன் எல்லாவற்றையும் தாண்டி நான் போய் உட்கார்ந்த இடம் 1779 ஜூன் 1, செவ்வாய்க்கிழமை, வில்லியம்ஸ்பர்க். அன்று வர்ஜீனியா சட்டமன்றம் புது கவர்னரைத் தேர்ந்தெடுத்தது. பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சன் 67, ஜான் பேஜ் 61. இருவரும் பதினேழு பதினெட்டு வயதிலிருந்து உயிர் நண்பர்கள்.

கவர்னர் என்றதும் நமக்கு டெல்லியிலிருந்து அனுப்பிவைக்கப்படும் ஆள்தான் கண்முன் வருவார். அதை ஓரமாக வைத்துவிடுங்கள். இந்த கவர்னர் மாநில அரசின் தலைவர், முதலமைச்சர் மாதிரி. ஆனால் முதலமைச்சருக்கு இருக்கும் பலத்தில் கால்வாசிகூட இல்லாதவர். ஏன் அப்படி என்பதற்கு மூன்று வருஷம் பின்னால் போக வேண்டும்.

வர்ஜீனியாவின் கடைசி பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர் பிரபு. 1774 மே மாதம், பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடியதற்காக ஒருநாள் நோன்பு இருப்போம் என்று சட்டசபை தீர்மானம் போட்டதற்காக, சபையையே கலைத்தார். உறுப்பினர்கள் சும்மா கலையவில்லை. தெருவில் நடந்துபோய் ராலே விடுதியில் அப்போலோ என்ற ஹாலில் கூடினார்கள். (அந்த ஹாலுக்கு வேறொரு கதையும் உண்டு, வருகிறேன்.) 1775 ஏப்ரலில் இரவோடிரவாக ஊர்க் கிடங்கிலிருந்த வெடிமருந்தை டன்மோர் கப்பலுக்கு ஏற்றினார். ஜூனில் அவரே குடும்பத்தோடு கப்பலேறித் தப்பினார். அதற்குப் பிறகு நவம்பரில் அவர் செய்ததுதான் இந்த நிலச்சுவான்தார்களின் அடிவயிற்றைக் கலக்கியது: கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் யார் ராஜாவின் படையில் வந்து சேர்ந்து சண்டை போட்டாலும் அவர்களுக்கு விடுதலை என்று அறிவித்தார். ஜெஃபர்சன், பேஜ், நெல்சன், ஹென்றி, இந்தக் கட்டுரையில் வரும் அத்தனை பெரிய மனிதர்களும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். சுதந்திரம், சுதந்திரம் என்று அவர்கள் எழுதியதைப் படிக்கும்போதெல்லாம் இதை மறந்துவிடக் கூடாது.

ஆக, கவர்னர் என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வரும் மனநிலையில்தான் 1776இல் அரசியலமைப்பு எழுத உட்கார்ந்தார்கள். அதை எழுதியவர்கள் கவர்னரை ஒரு அபாயமான மிருகமாக நினைத்துக் கூண்டைத்தான் முதலில் செய்திருக்கிறார்கள். கவர்னரை வருஷா வருஷம் சட்டமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். தொடர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அப்புறம் நாலு வருஷம் அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று உண்டு, அதன் யோசனை இல்லாமல் எதையும் செய்ய முடியாது. அந்த எட்டுப் பேரையும் சட்டமன்றமேதான் தேர்ந்தெடுக்கும். சட்டத்தைத் தடுக்கும் வீட்டோ கிடையாது. சபையைக் கலைக்க முடியாது. இங்கிலாந்தின் எந்தச் சட்டத்தையோ வழக்கத்தையோ காட்டி எந்த அதிகாரத்தையும் எக்காரணம் கொண்டும் செலுத்தக் கூடாது என்று தனியாக ஒரு வரி வேறு. சம்பளத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில்கூட, போதுமானதாக இருக்க வேண்டும், ஆனால் மிதமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்த "ஆனால்" ரொம்பப் பிடித்திருந்தது.

பிலடெல்பியாவில் இருந்துகொண்டு ஜெஃபர்சனும் ஒரு வரைவு எழுதி அனுப்பினார். அதில் கவர்னர் என்ற பெயரே கிடையாது, "நிர்வாகி" என்றுதான் வைத்திருந்தார். அவரையும் கீழவை மட்டும்தான் நியமிக்கும், அதுவும் ஒரு வருஷத்துக்கு. அதாவது அந்த நாற்காலியை இன்னும் குட்டையாக வெட்டச் சொன்னவர்களில் ஜெஃபர்சன் முதல் வரிசை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்க்குரல் ஒன்றுகூட இல்லையா என்றால், இருந்தது. பேட்ரிக் ஹென்றி, "விடுதலை கொடு, இல்லையேல் மரணத்தைக் கொடு" என்று முழங்கியதாகச் சொல்லப்படும் அதே ஹென்றி, வீட்டோ இல்லாத கவர்னர் வெறும் ஆவியைப்போலத்தான் இருப்பார், தன் பதவியைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட அவரால் முடியாது என்று வாதாடினார். அவர் பேச்சு எடுபடவில்லை. ஆனால் 1776 ஜூன் 29 அன்று, அரசியலமைப்பு நிறைவேறிய அதே நாளில், முதல் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது அவர்தான். ஆவி என்று சொன்னவரையே ஆவியாக்கி உட்காரவைத்தார்கள்.

அந்த முதல் வாக்கெடுப்பு சட்டமன்றத்தில் நடக்கவில்லை, சட்டமன்றம் இன்னும் உருவாகவில்லை. அரசியலமைப்பை எழுதிய மாநாடே தேர்ந்தெடுத்தது. ஹென்றிக்கு 60. பழைய காலனி அரசில் பெரிய உத்தியோகத்தில் இருந்து, செயலாளர் நெல்சன் என்றே அழைக்கப்பட்ட மூத்த தாமஸ் நெல்சனுக்கு 45. ஜான் பேஜுக்கு 1.

ஒன்று! யார் போட்ட புண்ணியவான் என்று தெரியவில்லை. பேஜே தனக்குப் போட்டுக்கொண்டிருப்பார் என்று கிண்டல் செய்யத் தோன்றும், ஆனால் அவர் குணத்தைப் படித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த ஒற்றை ஓட்டுக்காரர்தான் ஆலோசனைக் குழுவின் தலைவரானார், அதாவது துணை கவர்னர். ஹென்றி பதவியேற்ற கையோடு காய்ச்சலில் படுத்துவிட, ஆரம்ப வாரங்களில் வேலையைப் பார்த்தவர் பேஜ்.

அடுத்த இரண்டு வருஷமும் ஹென்றியை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. 1779 மே மாதம் மூன்று வருஷம் முடிந்தது. முதல் தடவை தேர்ந்தெடுத்தது மாநாடுதானே, சட்டமன்றம் இல்லையே, அதனால் அந்த வருஷம் கணக்கில் வராது, இன்னொரு தடவை நிற்கலாம் என்று ஒரு வாதம் கிளம்பியது. இந்த மாதிரிச் சந்துகளைக் கண்டுபிடிக்க எந்த நாட்டிலும் ஆள் உண்டு. ஹென்றி, என் புரிதலில் அரசியலமைப்பு என்னைத் தடுக்கிறது என்று சபாநாயகருக்கு எழுதிவிட்டு விலகிக்கொண்டார்.

இப்போது நாற்காலி காலி. மூன்று பேர் பெயர் வந்தது. ஜெஃபர்சன், பேஜ், அப்புறம் ஜெனரல் தாமஸ் நெல்சன். இவர் மேலே சொன்ன செயலாளர் நெல்சனின் அண்ணன் மகன்.

தேர்தல் நடக்கும் விதமும் ரசிக்கும்படி இருக்கும். பிரசாரம், மேடை எதுவும் கிடையாது. ஒவ்வொரு அவையும் தன் தன் இடத்தில் உட்கார்ந்து சீட்டு எழுதிப் பெட்டியில் போடும். இரண்டு பெட்டிகளும் ஒரு பொது அறைக்குப் போகும். இரு அவைகளின் குழுவும் சேர்ந்து திறந்து எண்ணி, திரும்பி வந்து அவரவர் அவையில் எண்ணிக்கையைச் சொல்லும். ஊர்ச் சங்கத்தில் பொருளாளர் தேர்ந்தெடுப்பதுபோலத்தான். பெட்டியில் சீட்டுப் போடுபவர்கள் யார்? வெள்ளை ஆண்கள், நிலம் உள்ளவர்களின் ஓட்டில் வந்தவர்கள். வீடு கட்டிய நிலம் என்றால் 25 ஏக்கராவது இருந்தால்தான் ஒருவருக்கு ஓட்டே உண்டு. ஆகவே சபைக்குள் இருப்பவர்களில் பாதிப்பேர் மாமன் மச்சான், மீதிப்பேர் சம்பந்தி.

முதல் சுற்றில் ஜெஃபர்சன் 55, பேஜ் 38, நெல்சன் 32. பாதிக்கு மேல் யாருக்கும் வரவில்லை. நெல்சனை விட்டுவிட்டு இரண்டாம் சுற்று. ஜெஃபர்சன் 67, பேஜ் 61.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நான் ஒரு ராத்திரி முழுக்க விளையாடினேன். ஜெஃபர்சனுக்கு ஏறியது 12, பேஜுக்கு ஏறியது 23. மொத்த ஓட்டும் 125லிருந்து 128 ஆகிவிட்டது, யாரோ மூன்று பேர் நடுவில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். (மதியச் சாப்பாட்டிலிருந்து வந்திருப்பார்கள் என்பது என் கற்பனை.) பழைய ஆட்கள் மாறாமல் போட்டிருந்தால், நெல்சன் ஆதரவாளர்களில் பெரும்பாலோர் பேஜ் பக்கம் போயிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அதில் ஆச்சரியமில்லை. பேஜும் நெல்சனும் யார்க் ஆற்றுக்கு அக்கரை இக்கரைக்காரர்கள், பழைய பெரிய குடும்பங்கள், பின்னால் பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துச் சம்பந்தியானவர்கள். ஜெஃபர்சன் மலைப்பக்கத்து ஆள். இரண்டாம் சுற்றில் நாலே நாலு பேர் மனசை மாற்றியிருந்தால் பேஜ் கவர்னர்.

சரி, நண்பர்கள் கதைக்கு வருவோம். இருவரும் பிறந்தது 1743 ஏப்ரல் மாதம். வில்லியம்ஸ்பர்க்கில் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். பேஜின் வீடு ரோஸ்வெல், அந்தக் காலத்து வர்ஜீனியாவின் பிரம்மாண்டமான மாளிகைகளில் ஒன்று. 1916இல் தீப்பிடித்து இப்போது செங்கல் சுவர்களும் புகைபோக்கிகளும்தான் நிற்கின்றன. பேஜுக்கு வானியலில் பைத்தியம், ஜெஃபர்சனுக்கு எல்லாவற்றிலும் பைத்தியம்.

1762 கிறிஸ்துமஸ் அன்று ஜெஃபர்சன் பேஜுக்கு எழுதிய கடிதம் இன்றைக்கும் இருக்கிறது. ஊரே கொண்டாட்டத்தில் இருக்க, பத்தொன்பது வயதுப் பையன் புலம்புகிறான். ராத்திரி தலைமாட்டில் வைத்திருந்த கைப்பையை எலி தின்றுவிட்டது, பட்டுக் காலுறைப் பட்டைகளையும் தின்றுவிட்டது, புதிதாக வாங்கிய அரை டஜன் நடன இசைத் தாள்களையும் கொண்டுபோய்விட்டது. போதாக்குறைக்கு மழை ஒழுகி கடிகாரத்துக்குள் தண்ணீர் போய், அதில் வைத்திருந்த ரெபெக்கா பர்வெல்லின் படம் நைந்து, எடுக்கப் போனால் கையோடு கிழிந்து வந்துவிட்டது. ரெபெக்காதான் அப்போது அவருடைய உலகம். அடுத்த வருஷம் அக்டோபரில் அந்தப் பெண்ணோடு நடனமாடும் வாய்ப்புக் கிடைத்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனவர் நாலு வார்த்தை உளறிக்கொட்டி நின்றார். அதையும் மறுநாளே பேஜுக்குத்தான் எழுதினார். நடனம் நடந்த இடம் ராலே விடுதியின் அப்போலோ ஹால். டன்மோர் சபையைக் கலைத்தபோது உறுப்பினர்கள் போய்க் கூடிய அதே ஹால். ரெபெக்கா வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டார்.

எலி தின்ற கதையை எழுத ஒரு ஆள் இருக்கிறான் என்றால் அவன் எப்பேர்ப்பட்ட நண்பன் என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கும் நமக்கும் நடுவில் பெட்டியை வைத்து 128 பேர் சீட்டுப் போடுகிறார்கள்.

தேர்தல் முடிந்த மறுநாள் பேஜ் வாழ்த்துச் சொல்ல ஜெஃபர்சன் தங்கியிருந்த இடத்துக்குப் போயிருக்கிறார். ஆள் இல்லை. அவசரமாக ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்ததால் ஒரு கடிதம் எழுதினார். என் மனசைப் பற்றி உனக்குத் தெரியும், உனக்காக இந்த விளக்கம் தேவையே இல்லை, ஆனால் நான் சொல்லாமல் கிளம்பிப் போனதை உலகம் வேறு மாதிரி எடுத்துக்கொள்ளும், அதற்காகத்தான் எழுதுகிறேன் என்கிற பாணியில். அடுத்த நாளே ஜெஃபர்சனின் பதில். நம் இருவரின் நண்பர்களுடைய ஆர்வக்கோளாறு நம்மைப் போட்டியாளர்கள் ஆக்கியது எனக்கு வருத்தம். நம்மைப் பிரித்த ஓட்டு வித்தியாசம் உனக்கு வலியையோ எனக்கு மகிழ்ச்சியையோ தரும் அளவுக்குப் பெரியதில்லை, அப்படி வருத்தப்படுகிற, சந்தோஷப்படுகிற ஆட்களாக நாம் இருந்தாலும்கூட.

முதல் தடவை படித்தபோது ரொம்பப் பண்பாக இருக்கிறதே என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது கொஞ்சம் சந்தேகம் வந்தது. இவ்வளவு கச்சிதமாக எழுத வேண்டியிருக்கிறது என்றாலே எங்கேயோ குத்தியிருக்கிறது என்றுதானே அர்த்தம். ஆனால் நான் யார் பேசுவதற்கு? மெஸ் செக்ரட்டரி பதவிக்காக மூன்று வாரம் ரூம்மேட்டோடு பேசாமல் இருந்தேன். ஒரே அறையில், ஒரே வாளியோடு, பேசாமல். இவர்கள் 48 மணி நேரத்துக்குள் கடிதம் எழுதி முடித்துவிட்டார்கள், அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட முப்பது வருஷம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பேஜின் இன்னொரு கடிதத்தை நீங்கள் கேட்டிருக்கவும்கூடும். சுதந்திரப் பிரகடனம் வந்த 1776 ஜூலையில் அவர் ஜெஃபர்சனுக்கு எழுதியதில், இந்தச் சூறாவளியின் மேல் ஒரு தேவதூதன் ஏறி அமர்ந்து இந்தப் புயலை நடத்துகிறான் என்று தோன்றவில்லையா என்று ஒரு வரி. 2001இல் ஜார்ஜ் புஷ் பதவியேற்பு உரையில் பேஜ் பெயரைச் சொல்லி அதை மேற்கோள் காட்டினார். ஃப்ளோரிடாவில் சீட்டுச் சீட்டாக எண்ணிய தேர்தலில் ஜெயித்து வந்தவர், ஆறு ஓட்டில் தோற்றவரின் வரியை எடுத்தது தற்செயல்தான். எனக்குச் சிரிப்பு வந்தது.

இனி நாற்காலி என்ன செய்தது என்று பார்ப்போம்.

ஜெஃபர்சன் 1780இல் மறுபடி தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த வருஷம் தலைநகரம் வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து ரிச்மண்டுக்கு மாறியது. போர் அதுவரை வடக்கிலும் தெற்கிலும் நடந்துகொண்டிருந்தது, இப்போது வர்ஜீனியாவுக்கே வந்தது. 1781 ஜனவரி 5 அன்று, அமெரிக்கப் படையை விட்டுப் பிரிட்டிஷ் பக்கம் போன பெனடிக்ட் ஆர்னால்ட் ரிச்மண்டுக்குள் நுழைந்து தீவைத்துவிட்டுப் போனார். ஊர்ப்படையைக் கூப்பிட்டால் வருவதில்லை, வந்தால் துப்பாக்கி இல்லை. எதற்கும் ஆலோசனைக் குழுவைக் கேட்க வேண்டும், குழு கூட நாலு பேராவது வேண்டும், அந்த நாலு பேரைச் சேர்ப்பதே பெரும் பாடு. கூண்டு செய்தபோது மிருகத்தை நினைத்தார்களே தவிர, வெளியிலிருந்து திருடன் வந்தால் கூண்டுக்குள் இருப்பது என்ன செய்யும் என்று யோசிக்கவில்லை.

மே மாதம் சட்டமன்றம் ரிச்மண்டை விட்டு மேற்கே சார்லட்ஸ்வில் என்ற சின்ன ஊருக்கு ஓடியது. ஜூன் 2ஆம் தேதியோடு ஜெஃபர்சனின் வருஷம் முடிகிறது. அடுத்த கவர்னரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் தள்ளிப்போட்டார்கள். திங்கட்கிழமை, ஜூன் 4, பிரிட்டிஷ் தளபதி பனாஸ்டர் டார்ல்டனின் குதிரைப்படை 250 பேர் வந்து இறங்கியது. முந்தின ராத்திரி ஜாக் ஜூவெட் என்பவர் வழியில் இந்தப் படையைப் பார்த்துவிட்டு, காட்டுப்பாதையில் 40 மைல் குதிரை ஓட்டி வந்து எச்சரித்ததால் பெரும்பாலோர் தப்பினார்கள். ஏழு உறுப்பினர்கள் மாட்டினார்கள். அதில் ஒருவர் கென்டக்கிக் காடுகளைத் திறந்துவிட்ட டேனியல் பூன். ஜெஃபர்சன் தன் வீடிருந்த மாண்டிசெல்லோ மலையிலிருந்து கடைசி நேரத்தில் குதிரையேறிக் கிளம்பினார்.

மிச்ச உறுப்பினர்கள் மலையைத் தாண்டி ஸ்டாண்டனில் கூடினார்கள். ஜூன் 12 அன்றுதான் புது கவர்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். நடுவில் பத்து நாள், போரின் மிக மோசமான கட்டத்தில், வர்ஜீனியாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவர்னரே கிடையாது. குழுவில் மிஞ்சியிருந்த வில்லியம் ஃப்ளெமிங் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். ஜெஃபர்சனைக் கேட்டால் என் காலம் ஜூன் 2ஆம் தேதியே முடிந்துவிட்டது என்பார். சட்டப்படி சரி. ஆனால் வீடு எரியும்போது ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்று சொல்லும் தீயணைப்பு வீரனை ஊர் எப்படிப் பார்க்கும்? ஒரு தனி மனிதருக்குச் சர்வாதிகாரம் கொடுத்துவிடலாமா என்று கூட ஸ்டாண்டனில் பேச்சு அடிபட்டது. அதே ஜூன் 12 அன்று ஜார்ஜ் நிக்கலஸ் என்ற இளம் உறுப்பினர், போன பன்னிரண்டு மாத நிர்வாகத்தைப் பற்றி விசாரணை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

விசாரணை புஸ்வாணம் ஆனது என்பது உண்மை. டிசம்பர் 12 அன்று ஜெஃபர்சன் உறுப்பினராகவே சபைக்கு வந்து, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொன்னார். எதிர்த்துப் பேச யாரும் எழவில்லை, சபை நன்றித் தீர்மானம் போட்டது. ஆனால் மனசு ஆறவில்லை. அடுத்த மே மாதம், பின்னால் வர்ஜீனியா கவர்னரான நண்பர் ஜேம்ஸ் மன்ரோவுக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் காயத்தை ஆற்றக்கூடியது கல்லறை ஒன்றுதான் என்றார். அவருடைய எதிரிகள் 1796, 1800 ஜனாதிபதித் தேர்தல்களிலும்கூட மாண்டிசெல்லோவிலிருந்து ஓடியவர் என்று குத்திக்கொண்டேதான் இருந்தார்கள்.

நான் இதைப் படித்துவிட்டு 67க்கும் 61க்கும் திரும்பிப் போனேன். அன்று நாலு பேர் மாற்றிப் போட்டிருந்தால் இந்த அவமானம் முழுக்க பேஜின் தலையில் விடிந்திருக்கும். வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மென்மையான மனிதர், டார்ல்டனிடம் மாட்டியே இருப்பாரோ என்னவோ. தோற்றது அவருக்கு அடித்த யோகம் என்று எனக்குத் தோன்றுகிறது, அவர் அப்படி ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார் என்றாலும்.

ஸ்டாண்டனில் தேர்ந்தெடுக்கப்பட்ட புது கவர்னர் யார் தெரியுமா? 1779இல் 32 ஓட்டு வாங்கி முதல் சுற்றிலேயே கழன்றுகொண்ட ஜெனரல் நெல்சன். இந்தத் தடவை சபை அவருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்தது, குழுவின் சம்மதத்தோடு. குழுவைக் கூட்ட நேரமில்லாத இடங்களில் அவர் தானாகவே மாடு, தானியம், வண்டி எல்லாவற்றையும் படைக்காகப் பறிமுதல் செய்தார். ஊர்ப்படையைத் தானே நடத்திக்கொண்டு யார்க்டவுன் முற்றுகைக்குப் போனார். அது அவருடைய சொந்த ஊர். தன் வீட்டின் மேலேயே பீரங்கியைத் திருப்பச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு, நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சித்தப்பா செயலாளர் நெல்சனின் வீடு நொறுங்கியது மட்டும் நிஜம். அக்டோபர் 19 அன்று அங்கே சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் ஐந்து வருஷத்தில் இந்தியாவுக்கு வந்து திப்புவோடு போரிட்டு, இன்றைக்குச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் சிலையாக நிற்கிறார். நம்ம ஊர் பீடத்தில் நிற்பவர் யார்க்டவுனில் தோற்றவர் என்பது அந்தச் சிலையைப் பார்த்தபோது எனக்குத் தெரியாது.

போர் ஜெயித்தாயிற்று. நெல்சனுக்கு மாலை போட்டார்களா என்றால், நவம்பரில் உடம்பு முடியாமல் ராஜினாமா செய்தவர்மேல், குழுவைக் கேட்காமல் செய்தார் என்று புகார் வந்தது. அவர் செய்ததையெல்லாம் செல்லும் என்று சொல்ல டிசம்பரில் தனியாக ஒரு சட்டமே போட வேண்டியிருந்தது. விதிப்படி நடந்த ஜெஃபர்சனுக்கு விசாரணை, விதியை மீறி ஜெயித்த நெல்சனுக்கு மன்னிப்புச் சட்டம். அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார வழியே இல்லை.

அடுத்த சில வருஷத்தில் ஜெஃபர்சன் மனசு மாறியது, அல்லது பாதி மாறியது. வர்ஜீனியா பற்றி அவர் எழுதிய குறிப்புகள் நூலில், எல்லா அதிகாரமும் சட்டமன்றத்திடமே குவிந்துவிட்டது, 173 கொடுங்கோலர்கள் ஒரு கொடுங்கோலனுக்குக் குறைந்தவர்கள் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட கொடுங்கோன்மைக்காக நாம் போராடவில்லை என்று பொரிந்து தள்ளினார். 173 என்பது இரு அவைகளின் மொத்த எண்ணிக்கை. அந்தக் கொடுங்கோலர்களில் 67 பேர்தான் அவரைக் கவர்னராக்கினார்கள் என்பதை அவர் அங்கே சொல்லவில்லை. 1783இல் புதிதாக எழுதிய வரைவில் கவர்னருக்கு ஒரு வருஷத்துக்குப் பதில் ஐந்து வருஷம் கொடுத்தார். ஆனால் யார் தேர்ந்தெடுப்பது? அப்போதும் சட்டமன்றம்தான். மக்களே நேரடியாகக் கவர்னரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நியூயார்க்கிலும் மாசச்சூசெட்ஸிலும் அப்போதே வந்துவிட்டது, மற்ற பல மாநிலங்கள் அவசரப்படவில்லை. நியூஜெர்சி 1844 வரைக்கும், வர்ஜீனியா 1851 வரைக்கும், சவுத் கரோலினா உள்நாட்டுப் போர் முடியும்வரைக்கும் இந்த முறையை வைத்திருந்தன.

இன்னும் கொஞ்சம் தப்பியிருந்தால் அமெரிக்க ஜனாதிபதியே இப்படித்தான் வந்திருப்பார். 1787இல் பிலடெல்பியாவில் வர்ஜீனியாக் கவர்னர் எட்மண்ட் ராண்டால்ஃப் முன்வைத்த திட்டத்தில் நாட்டின் நிர்வாகத் தலைமையைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும் என்றுதான் இருந்தது. மாநாடு அதற்குப் பலமுறை தலையாட்டவும் செய்தது, கடைசி வாரங்களில்தான் மாநிலங்கள் நியமிக்கும் தேர்வாளர்கள் ஓட்டுப் போடும் முறைக்கு மாறியது. அதிலும் ஓட்டை இருந்தது. 1801இல் ஜெஃபர்சனும் ஆரன் பரும் சமமாக நிற்க, விஷயம் பிரதிநிதிகள் சபைக்குப் போய் 36ஆவது சுற்றில் ஜெஃபர்சன் ஜனாதிபதியானார். ஆக, மறுபடியும் ஒரு சபைதான் சீட்டு எழுதிப் போட்டு அவரை உட்காரவைத்தது.

பேஜ் என்ன ஆனார்? அரசியலை விடவில்லை. புது காங்கிரஸில் 1789லிருந்து எட்டு வருஷம் உறுப்பினராக இருந்தார். ரோஸ்வெல் மாளிகை பெரியதுதான், பணம் குறைந்துகொண்டே வந்தது, குடும்பம் பெருகிக்கொண்டே வந்தது. 1802 டிசம்பரில், மன்ரோவின் மூன்று வருஷம் முடிந்தபோது, வர்ஜீனியா சட்டமன்றம் ஜான் பேஜைக் கவர்னராகத் தேர்ந்தெடுத்தது. 1779 ஜூனில் சீட்டில் இருந்த மூன்று பெயர்களும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து முடித்தன. அவருக்கு அப்போது 59 வயது, நண்பர் வாஷிங்டனில் ஜனாதிபதி. சுற்றிலும் போர் இல்லை, கவர்னருக்கு வீட்டோ இன்னமும் இல்லை. 1803, 1804 என்று தொடர்ந்து மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள். 1805இல், ஹென்றியை நிறுத்திய அதே விதி இவரையும் நிறுத்தியது. அதற்குப் பிறகு ஜெஃபர்சன் அவருக்கு வர்ஜீனியாவில் மத்திய அரசின் கடன் ஆணையர் பதவியைக் கொடுத்தார். சம்பளம் தேவைப்பட்டது, வாங்கிக்கொண்டார்.

1808 அக்டோபர் 11 அன்று ரிச்மண்டில் இறந்தார். ரோஸ்வெலுக்குக் கொண்டுபோகவில்லை. ரிச்மண்டிலேயே புனித ஜான் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். 1775இல் பேட்ரிக் ஹென்றி அந்த விடுதலைப் பேச்சைப் பேசியது அந்த தேவாலயத்துக்குள்தான். அறுபது ஓட்டுக்காரர் முழங்கிய கட்டடம் உள்ளே, ஒரு ஓட்டுக்காரர் வெளியே வாசலில்.